தாய்மொழியும் மறைப்பணிப் பள்ளியும்: சிங்கப்பூர்ப் புனித சூசையப்பர் பள்ளியின் வாழ்வும் மரபும்

முன்னுரை

மலாயாவிலும் சிங்கப்பூரிலும் ஆங்கிலக் கல்வி வேரூன்றிய வரலாற்றை எழுதப் புகுவோர் கத்தோலிக்க மறைப்பணிப் பள்ளிகளை ஒதுக்கிவிட இயலாது. நகரங்களில் வாழ்ந்த தமிழ்ப் பிள்ளைகளுள் ஆங்கிலம் கற்றோரில் ஒரு பகுதியினர் இப்பள்ளிகளின் வழியாகவே எழுத்தர்களாகவும் ஆசிரியர்களாகவும் அரசு ஊழியர்களாகவும் உயர்ந்தனர். ஆயினும், தமிழ்க்கல்வி வரலாறு குறித்து நம்மிடையே எழுந்துள்ள ஆய்வுகள் பெரும்பாலும் தோட்டப்புறத் தமிழ்ப்பள்ளிகளையே மையமாகக் கொண்டுள்ளன. மறைப்பணிப் பள்ளியின் உள்வாழ்வு எவ்வாறு அமைந்திருந்தது, அதன் மரபுகள் எங்கிருந்து வந்தன, அவற்றுள் தமிழுக்கு என்ன இடம் இருந்தது என்னும் வினாக்கள் தமிழில் போதிய அளவு எழுப்பப்படவில்லை.

இக்கட்டுரை, சிங்கப்பூர்ப் பிராஸ் பாசா சாலையில் 1852ஆம் ஆண்டு தொடங்கிய புனித சூசையப்பர் பள்ளியை எடுத்துக்காட்டாகக் கொண்டு அவ்வினாக்களை அணுகுகின்றது. மலேசியாவில் இடைநிலைப் பள்ளி என்றும் சிங்கப்பூரில் உயர்நிலைப் பள்ளி என்றும் வழங்கப்பெறும் கல்விநிலையை ஈண்டு இடைநிலை என்றே குறிப்பிடுகின்றோம். அப்பள்ளி தன் பிரெஞ்சு மூலத்திலிருந்து கொண்டுவந்த மரபுகள் பலவற்றை நூற்றாண்டுக்கு மேல் காத்து வந்தது. ஆனால் அம்மரபின் நிறுவனர் தம் காலத்தில் துணிந்து நிலைநாட்டிய கொள்கையொன்று இங்கு வந்து சேரவில்லை. பிள்ளைக்கு எழுத்தறிவை அதன் தாய்மொழியில் முதலில் புகட்டவேண்டும் என்பதே அக்கொள்கை. அது ஏன் விடுபட்டது, அவ்விடுபாட்டால் தமிழுக்கு விளைந்தது யாது என்பதே நம் ஆய்வுப்பொருள்.

1. நிறுவனரும் அவர்தம் பள்ளி முறையும்

புனித சூசையப்பர் பள்ளியை நடத்தியவர்கள் லசால் அருட்சகோதரர்கள் ஆவர். இச்சபையைத் தோற்றுவித்த ஜான் பாப்டிஸ்ட் தெ லசால், பிரான்சு நாட்டின் ரெய்ம்ஸ் நகரில் 1651இல் செல்வக் குடும்பம் ஒன்றில் பிறந்தவர். ஏழைக் கைவினைஞர்களின் பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்த வந்த ஆசிரியர்களை ஒருங்கு திரட்டி, 1680ஐ ஒட்டி அவர் உருவாக்கிய குழுவே பின்னர் ஒரு துறவுச் சபையாக வளர்ந்தது. அவர் 1719இல் மறைந்தார். 1900இல் புனிதராகவும், 1950இல் ஆசிரியர்களின் பாதுகாவலராகவும் திருச்சபையால் அறிவிக்கப்பெற்றார்.

இச்சபையினர் குருக்கள் அல்லர் என்பதை முதலில் மனங்கொள்ளல் வேண்டும். அவர்கள் திருப்பலி நிறைவேற்றுவதில்லை. துறவு வாக்குறுதி ஏற்று, வாழ்நாள் முழுவதும் ஆசிரியத் தொழிலையே இறைப்பணியாகக் கொண்டவர்கள். அதனாலேயே 'தந்தை' என்னாது 'சகோதரர்' என அழைக்கப்பெற்றனர். ஆசிரியத் தொழிலை இடைக்கால வேலையாகக் கருதிய காலத்தில், அதனை முழுவாழ்வாகக் கொள்ளும் கூட்டம் ஒன்றை உருவாக்கியமை கல்வி வரலாற்றில் பெரிய மாற்றமாகும். ஆசிரியர்களுக்கெனத் தனிப் பயிற்சிக்கூடம் அமைத்தவர்களுள்ளும் லசால் முன்னோடியாவார்.

அவர் முறையின் கூறுகளை அவர்தம் பள்ளி நடைமுறைக் கையேடு விளக்குகின்றது. அவர் மறைந்த மறு ஆண்டான 1720இல் அது அச்சேறியது. அதன்படி, மாணவர் தரம் பிரிக்கப்பெற்று, ஒரே வகுப்பினர் ஒரே நூலை ஒரே நேரத்தில் கற்றனர். ஒருவர் படிக்க, ஏனையோர் அதே வரியைக் கண்ணால் தொடர்ந்தனர். ஆசிரியர் மிகுதியாகப் பேசாமல், கையிலிருந்த சிறு மரக்கருவியால் ஒலியெழுப்பி வகுப்பை நடத்தினார். அவ்வொலி கேட்டதும், படிப்பவன் நிறுத்த வேண்டுமா, பிழை திருத்த வேண்டுமா, அடுத்தவன் தொடர வேண்டுமா என்பதை மாணவர் உணர்ந்துகொண்டனர்.

இம்முறையை நம் மரபோடு ஒப்பிட்டுக் காண்பது பயனுடையது. தமிழகத் திண்ணைப் பள்ளியில் சட்டாம்பிள்ளை எனப்படும் மூத்த மாணவன் இளையோர்க்குப் பாடம் சொல்லிக் கொடுத்தான். சென்னையில் 1789 முதல் 1796 வரை பணியாற்றிய ஆண்ட்ரூ பெல் இவ்வழக்கத்தைக் கண்டு, அதனை ஒரு கல்வி முறையாக வகுத்து 1797இல் இலண்டனில் வெளியிட்டார். 'சென்னை முறை' எனப் பெயர்பெற்ற அது பிரித்தானியப் பேரரசெங்கும் பரவியது. லசால் பள்ளியிலும் மாணவர்க்குப் பொறுப்புகள் இருந்தன. மணியடிப்போர், செபம் சொல்வோர், தாள் வழங்குவோர், சாவி காப்போர் என அவை பகுக்கப்பெற்றிருந்தன. பள்ளிக்கு வராத மாணவனின் வீட்டிற்குச் சென்று காரணம் கேட்டு வருதற்கென்றே சிலர் அமர்த்தப்பெற்றனர். ஆயினும் கற்பித்தல் மட்டும் ஆசிரியர்க்கே உரியதாக இருந்தது. சட்டாம்பிள்ளை பாடம் சொல்வான். லசால் பள்ளி மாணவனோ ஒழுங்கைக் காப்பான். இவ்விரு முறைகளுக்கும் உள்ள அடிப்படை வேறுபாடு இதுவேயாகும்.

அனைத்தினும் முதன்மையானது மொழி பற்றிய முடிவாகும். அக்காலப் பிரான்சில் வாசிப்பை இலத்தீன் நூல்கொண்டு தொடங்குவதே பரவலான வழக்கம். லசால் அவ்வழக்கத்தை மாற்றினார். அவர் பள்ளிகளில் பிள்ளைகள் பிரெஞ்சு வாசிப்பில் தேர்ந்த பின்னரே இலத்தீன் வரிவடிவைக் கண்டனர். தாம் பேசும் மொழியின் சொற்களைப் பிள்ளைகள் எளிதில் இனங்காண்பர் என்றும், ஏழைப் பிள்ளைகள் விரைவிலேயே பள்ளியை விட்டு நீங்குவதால் அரைகுறை இலத்தீன் அவர்க்கு எவ்வாற்றானும் உதவாது என்றும் அவர் வாதிட்டார். சகோதரர்கள் இலத்தீன் கற்பித்தலாகாது என்பது சபையின் விதியாகவே நிலைத்து, 1923இல்தான் தளர்த்தப்பெற்றது. இதனைப் பிற்பகுதியில் மீண்டும் நினைவுகூர்வோம்.

2. கடல் கடந்து வந்த பள்ளி

பாரிசு அயல்நாட்டு மறைப்பணிச் சபையைச் சார்ந்த ஜான் மரி பெரல் அடிகளார் 1839இல் சிங்கப்பூர் வந்தார். 1847இல் கட்டி முடிக்கப்பெற்ற நல்லாயன் ஆலயம் அவர்தம் முயற்சியால் எழுந்தது. ஆலயத்திற்கு அடுத்துப் பள்ளி வேண்டும் எனக் கருதிய அவர், ஆசிரியர்களைத் தேடிப் பிரான்சு சென்றார். அதன் பயனாக 1852இல் ஆறு லசால் சகோதரர்கள் கிழக்கு நோக்கி வந்தனர். அவர்களுள் மூவர் சிங்கப்பூரிலும் மூவர் பினாங்கிலும் பணியேற்றனர். எனவே சிங்கப்பூர்ப் புனித சூசையப்பர் பள்ளியும் பினாங்குப் புனித சேவியர் பள்ளியும் லசால் மரபில் ஒரே ஆண்டில் பிறந்த உடன்பிறப்புகள் எனலாம். அதே ஆண்டில் குழந்தை இயேசு சபைக் கன்னியர் பினாங்கில் லைட் ஸ்திரீட் கான்வெண்ட்டைத் தொடங்கினர். 1854இல் சிங்கப்பூரிலும் பெண்களுக்கான பள்ளி ஒன்றைத் திறந்தனர்.

சிங்கப்பூரில் ஆண்களுக்கான பள்ளி, நல்லாயன் ஆலயம் எழுவதற்கு முன் வழிபாட்டிற்குப் பயன்பட்ட பழைய சிற்றாலயத்தில் நடைபெறலாயிற்று. தொடக்கத்தில் புனித யோவானின் பெயரால் அழைக்கப்பெற்ற அது, பின்னர்ப் புனித சூசையப்பரின் பெயரை ஏற்றது. அதன் நடுக்கட்டடம் 1867இல் நிறைவெய்தியது. 1903இல் இருபுறமும் வளைந்து நீளும் சிறகுகள் இணைக்கப்பெற்றன. அவற்றை வடிவமைத்த சார்ல்ஸ் பெனதிக்து நேன் அடிகளார், கட்டடக்கலை அறிந்த மறைப்பணியாளர். சாலையில் செல்வோரை இரு கைகளையும் விரித்து வரவேற்பதுபோல் அமைந்த அம்முகப்பு, நகரின் அடையாளங்களுள் ஒன்றாயிற்று. 1912இல் பள்ளியின் சிற்றாலயம் நிறைவுபெற்றது. நிறுவனர் இரு சிறுவரோடு நிற்கும் வெண்கலச் சிலையும் முகப்பில் இடம்பெற்றது.

இதே சபையின் பள்ளிகள் தீபகற்பமெங்கும் பரவின. சிரம்பான் புனித பவுல், கோலாலம்பூர்ப் புனித யோவான், ஈப்போ புனித மைக்கேல், தைப்பிங் புனித ஜார்ஜ் முதலிய பள்ளிகள் அவற்றுட் சில. ஒரு பள்ளியிலிருந்து மற்றொரு பள்ளிக்குச் சகோதரர்கள் மாற்றப்பெற்றமையால், சிங்கப்பூரில் காணப்பட்ட பழக்கவழக்கங்களைப் பினாங்கிலும் ஈப்போவிலும் காணலாம். ஒரு பள்ளியை ஆராய்ந்து ஒரு மரபைப் பற்றிப் பேசுதற்கு இதுவே நமக்குத் துணையாகின்றது.

3. ஒரு நாளின் ஒழுங்கு

மரபு என்பது ஆண்டுவிழாவில் மட்டும் வெளிப்படுவதன்று. நாள்தோறும் திரும்பத் திரும்பச் செய்யப்படுவதே மரபாகின்றது. லசால் பள்ளிகளின் நாள் இறைவேண்டலோடு தொடங்கும். நாம் கடவுளின் திருமுன் இருக்கின்றோம் என்பதை நினைவுகூர்வோம் எனும் பொருள்பட ஒருவர் அழைக்க, வகுப்பு முழுவதும் சிறிது நேரம் அமைதி காக்கும். இவ்வழைப்பு நிறுவனர் காலத்திலிருந்தே வருவது. மணி அடிக்கும்தோறும் இந்நினைவைப் புதுப்பிக்க வேண்டும் என்பது அவர் வகுத்த நெறி. வேண்டலின் முடிவில் இயேசு நம் உள்ளங்களில் என்றும் வாழ்க என்னும் கருத்தமைந்த அழைப்பும் மறுமொழியும் இடம்பெறும்.

இப்பள்ளிகளில் கத்தோலிக்கர் அல்லாத மாணவர்கள் மிகுதியாகப் பயின்றனர். சைவ, வைணவக் குடும்பங்களிலிருந்து வந்த தமிழ்ப் பிள்ளைகளும் அவர்களுள் அடங்குவர். மேற்குறித்த வேண்டலின் தொடக்கப் பகுதி கடவுளின் உடனிருப்பை மட்டுமே குறிப்பதால், இறைவன் எங்கும் நிறைந்தவன் எனக் கேட்டு வளர்ந்த ஒரு சைவச் சிறுவனுக்கு அதனைச் சொல்வதில் முரண்பாடு தோன்றக் காரணமில்லை. கத்தோலிக்க மாணவர் மறைக்கல்வி கற்கும் வேளையில் ஏனையோர்க்கு ஒழுக்கக் கல்வி நடத்துதல் மறைப்பணிப் பள்ளிகளின் பொதுவழக்கம். பெற்றோர் தம் சமயம் மாறாமலே பிள்ளைகளை இப்பள்ளிகளுக்கு அனுப்பத் துணிந்தமைக்கு இவ்வேற்பாடு ஒரு காரணமாகும்.

ஆண்டின் சுழற்சியும் வழிபாட்டு நாட்காட்டியைத் தழுவியே அமைந்தது. மார்ச்சுத் திங்கள் 19ஆம் நாள் புனித சூசையப்பர் திருநாள். மே 15ஆம் நாளை லசால் பள்ளிகள் தம் நிறுவனர் நாளாகக் கொண்டாடுகின்றன. திங்களின் முதல் வெள்ளியன்று திருப்பலி, அக்டோபரில் செபமாலை என்பன கத்தோலிக்க மாணவர்க்கு உரியவை. காற்பந்தாட்டம், சாரணர் இயக்கம், பரிசளிப்பு விழா என்பன சமய வேறுபாடின்றி அனைவர்க்கும் உரியவை. 'வேண்டுக, உழைக்க' எனும் பொருளுடைய இலத்தீன் தொடர் பள்ளியின் குறிக்கோளாக விளங்கியது. ஐம்முனை விண்மீன் சபையின் சின்னமாகும். அது நம்பிக்கையின் அடையாளம் எனப் பொருள்படுவது.

வெண்ணிற நீள் அங்கியும் கழுத்தில் இரு வெண்பட்டைகளும் அணிந்த சகோதரர்கள் பள்ளி வளாகத்திலேயே உறைந்தனர். குடும்பமும் சொந்த இல்லமும் இல்லாதவர்கள் ஆதலின், பாடவேளை முடிந்த பின்னரும் விளையாட்டுத் திடலிலும் நூலகத்திலும் மாணவரோடு இருந்தனர். ஆசிரியரும் மாணவரும் ஒரே வளாகத்தில் நாள் முழுவதும் வாழும் இந்நிலை, நம் பண்டைய குருகுல முறையை ஓரளவு ஒத்தது எனலாம். ஆயினும் பிரம்படியும் அக்கால ஒழுங்கின் பகுதியாகவே இருந்தது. கையேடு தண்டனையை அளவோடு பயன்படுத்துமாறு அறிவுறுத்தியிருப்பினும், குடியேற்ற நாட்டுப் பள்ளிகள் எதுவும் அதனைக் கைவிட்டிருக்கவில்லை.

4. ஆங்கிலம் வந்த வழி

இத்துணை நுட்பமாக மூலமரபைக் காத்த பள்ளி, தாய்மொழிக் கொள்கையை மட்டும் ஏன் விட்டது? இதற்கு ஒற்றைக் காரணம் கூறுதல் பொருந்தாது.

முதலாவதாக, மாணவர் கூட்டமே பன்மொழிப்பட்டது. ரெய்ம்ஸ் நகரில் ஒரு வகுப்பிலிருந்த பிள்ளைகள் அனைவரும் பிரெஞ்சு பேசியோர். பிராஸ் பாசா சாலை வகுப்பறையிலோ ஐரோப்பியர், யூரேசியர், சீனர், தமிழர் முதலிய பல இனத்துப் பிள்ளைகள் அருகருகே அமர்ந்தனர். சீனருள்ளும் பல கிளைமொழிகள் வழங்கின. அனைவர்க்கும் ஒரே நூல், ஒரே பாடம் என்னும் லசால் வகுப்புமுறை ஒரு பொதுமொழியை வேண்டி நின்றது. நிறுவனரின் ஒரு கொள்கையை நிலைநிறுத்தவே அவர்தம் மற்றொரு கொள்கை கைவிடப்பட்டது என்பது ஈண்டுக் கருதத்தக்கது.

இரண்டாவதாக, அரசின் உதவித்தொகையும் தேர்வும் ஆங்கிலத்தைச் சார்ந்திருந்தன. 1885இல் நீரிணைக் குடியேற்றங்களில் அறிமுகமான அரசியார் உதவித்தொகை, மிகச்சிறந்த மாணவர்களை இங்கிலாந்துப் பல்கலைக்கழகங்களுக்கு அனுப்பியது. 1891 முதல் கேம்பிரிட்ஜ் தேர்வுகள் நடைபெறலாயின. 'சீனியர் கேம்பிரிட்ஜ்' சான்றிதழே இடைநிலைக் கல்வியின் எல்லையாகவும் அரசு அலுவலகத்தின் வாயிலாகவும் ஆயிற்று. பள்ளியின் புகழ் இத்தேர்வு முடிவுகளால் அளக்கப்பட்டது.

மூன்றாவதாக, பெற்றோரே ஆங்கிலத்தை விரும்பினர். தமிழ்க்கல்வி முயற்சிகள் சிங்கப்பூரில் அதற்கு முன்பே நடந்தவைதாம். 1834இல் திறக்கப்பெற்ற சிங்கப்பூர் இலவசப் பள்ளியில் தமிழ் வகுப்பு நடத்தப்பெற்று, நிலைக்காமல் போயிற்று. 1870களில் தோன்றிய ஆங்கில–தமிழ்ப் பள்ளிகளும் நாளடைவில் ஆங்கிலப் பள்ளிகளாயின. துறைமுகத்திலும் அலுவலகத்திலும் ஊதியம் தந்த மொழி ஆங்கிலமாக இருக்கையில், ஏழைப் பிள்ளைக்கு உடனடியாகப் பயன்படும் மொழியைக் கற்பிக்க வேண்டும் என்னும் லசாலின் வாதமே இங்கு ஆங்கிலத்திற்குச் சார்பாகத் திரும்பியது. பிரான்சில் தாய்மொழியும் பயன்மொழியும் ஒன்று. சிங்கப்பூரில் அவை இரண்டாகப் பிரிந்தன.

எனவே, சகோதரர்கள் தமிழை வெறுத்து ஒதுக்கினர் எனக் கொள்வது வரலாற்றுக்கு நேர்மையாகாது. அவர்கள் சூழலுக்கு இசைந்தனர். ஆனால் அவ்விசைவின் விலையை யார் கொடுத்தனர் என்பதே நாம் கேட்க வேண்டிய வினா.

5. ஆலயத்தில் தமிழ், பள்ளியில் ஆங்கிலம்

தமிழ்க் கத்தோலிக்கக் குடும்பங்களின் நிலை இவ்வினாவை மேலும் கூர்மையாக்குகின்றது. 1870இல் எழுந்த புனித பேதுரு பவுல் ஆலயம் சீனர்க்கும் இந்தியர்க்கும் பொதுவாக இருந்தது. பின்னர் 1888இல் ஓபிர் சாலையில் லூர்து அன்னை ஆலயம் இந்தியக் கத்தோலிக்கர்க்கென எழுந்தது. அங்குத் தமிழ்ச் செபமும் தமிழ்ப் பாடலும் மறையுரையும் ஒலித்தன. திருவிழாக்கள் தமிழ் முறையில் நடந்தன. அவ்வாலயத்திற்கும் புனித சூசையப்பர் பள்ளிக்கும் இடையே நடந்தே செல்லும் தொலைவுதான். ஆயினும் ஞாயிறன்று ஆலயத்தில் தமிழில் வேண்டிய சிறுவன், திங்களன்று பள்ளியில் அதே கடவுளை ஆங்கிலத்தில் வேண்டினான். சமயம் ஒன்றாகவும் மொழி இரண்டாகவும் இருந்த இந்நிலை, தமிழை வீட்டிற்கும் ஆலயத்திற்கும் உரியதாகவும், ஆங்கிலத்தை அறிவிற்கும் பணிக்கும் உரியதாகவும் அவன் உள்ளத்தில் பிரித்துவைத்தது.

சீனரின் வரலாறு இதனின்றும் வேறுபட்டது. 1933இல் கான்வெண்ட்டின் ஒரு பிரிவாகச் சீனமொழிவழிப் புனித நிக்கலஸ் பெண்கள் பள்ளியும், 1935இல் எட்வர்ட் பெஷெரா அடிகளாரின் முயற்சியால் கத்தோலிக்க உயர்நிலைப் பள்ளியும் தோன்றின. அதே திருச்சபை, அதே நகரில், சீனமொழியில் இடைநிலைக் கல்வி வழங்கலாயிற்று என்பதே இதன் பொருள். மறைப்பணிக் கல்வியும் தாய்மொழிக் கல்வியும் ஒன்றுக்கொன்று பகையல்ல என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டியதில்லை.

தமிழுக்கு அத்தகைய இடைநிலைப் பள்ளி அமையவில்லை. மலாயாவில் கன்னியர் மடங்களைச் சார்ந்து தமிழ்த் தொடக்கப்பள்ளிகள் தோன்றின. ஈப்போ புனித பிலோமினா கான்வெண்ட், தைப்பிங் புனித தெரேசா கான்வெண்ட் என்னும் பெயர்களோடு இன்றும் இயங்கும் தமிழ்ப்பள்ளிகள் அம்மரபின் தொடர்ச்சி. ஆனால் அவை தொடக்கக் கல்வியோடு நின்றன. சிங்கப்பூரில் இடைநிலை வரை தமிழைப் பயிற்றுமொழியாகக் கொண்ட ஒரே பள்ளி உமறுப் புலவர் தமிழ்ப்பள்ளியாகும். கடையநல்லூர் முஸ்லிம்கள் 1946இல் தொடங்கிய அப்பள்ளியும் 1982இல் மூடப்பட்டது. சீனர்க்கு வணிகச் செல்வமும் தொகையும் துணைநின்றன. தமிழருள் பெரும்பாலோர் தோட்டத்திலும் துறைமுகத்திலும் உழைத்த தொழிலாளர். ஆங்கிலம் கற்ற நடுத்தர வகுப்பினரோ சிறு தொகையினர். அவர்களுக்குத் தமிழ்வழி இடைநிலைப் பள்ளி தேவையாகத் தோன்றவில்லை. புரவலரும் மாணவரும் ஒருங்கே இல்லாத இடத்தில் பள்ளி எழாது.

6. போரும் அதன் பின்னரும்

இரண்டாம் உலகப் போர் இப்பள்ளிகளின் நூற்றாண்டு ஒழுங்கை முறித்தது. பிராஸ் பாசா சாலைக் கட்டடம் போர்க்கால மருத்துவமனையாயிற்று. சப்பானியர் ஆட்சியில் அங்குச் சப்பானியமொழிப் பள்ளி நடத்தப்பட்டது. 1943இன் இறுதியில் ஆயர் அட்ரியன் டெவால்ஸ் தலைமையில் கத்தோலிக்கர் பலர் நெகிரி செம்பிலானின் பகாவ் காட்டுக் குடியேற்றத்திற்குச் சென்றனர். மலேரியாவும் உணவின்மையும் அங்குப் பலரைப் பலிகொண்டன. ஆயரும் 1945 சனவரியில் உயிர்நீத்தார். பினாங்கில் புனித சேவியர் பள்ளிக் கட்டடம் அதே ஆண்டு நேசநாட்டு விமானக் குண்டுவீச்சில் அழிந்தது.

போருக்குப் பின் பள்ளிகள் மீண்டெழுந்தன. இக்காலத்தில்தான் தமிழ் முதன்முறையாகச் சட்டத்தின் துணையோடு ஆங்கிலப் பள்ளிக்குள் நுழைந்தது. மலாயாவில் 1956ஆம் ஆண்டு ரசாக் அறிக்கையைத் தொடர்ந்து, பதினைந்து மாணவரின் பெற்றோர் கேட்டுக்கொண்டால் அவர்தம் மொழியைக் கற்பிக்கலாம் என்னும் ஏற்பாடு உருவாயிற்று. மாணவர் சொந்தமொழி வகுப்பு எனப்பட்ட இதனை ஆசிரியர்கள் பி.ஓ.எல். வகுப்பு என வழங்கினர். சிங்கப்பூரில் 1966 முதல் இடைநிலை மாணவர் அனைவரும் இரண்டாம் மொழி ஒன்றைக் கற்றாக வேண்டும் என்றாயிற்று. தமிழ் மாணவர் தொகை குறைந்த பள்ளிகளில் ஆசிரியரை அமர்த்த இயலாமையால், மாணவர்கள் பாடநேரத்திற்குப் பின் தமிழ்மொழி நிலையங்களுக்குச் சென்று பயிலும் முறை ஏற்பட்டது. மூடப்பட்ட தமிழ்ப்பள்ளியின் நினைவாக, அந்நிலையங்களுள் ஒன்று உமறுப் புலவர் பெயரைத் தாங்கியுள்ளது.

பள்ளியும் மாறியது. 1975இல் கத்தோலிக்கத் தொடக்கக் கல்லூரி தோன்றியபின் பல்கலைக்கழகப் புகுமுகக் கல்வி அங்குச் சென்றது. 1988இல் பள்ளி மால்கம் சாலைக்கு இடம்பெயர்ந்தது. பழைய கட்டடம் 1992இல் தேசிய நினைவுச்சின்னமாக அறிவிக்கப்பெற்று, 1996இல் சிங்கப்பூர்க் கலை அரும்பொருளகமாகத் திறக்கப்பெற்றது. மலேசியாவில் 1970 முதல் ஆங்கிலவழிப் பள்ளிகள் படிப்படியாக மலாய்மொழிவழிப் பள்ளிகளாயின. துறவுச் சகோதரர்களின் தொகை குறைந்து, பொதுநிலை ஆசிரியர்களே இப்பள்ளிகளை நடத்தும் நிலையும் வந்தது. பயிற்றுமொழி மாறியது, கட்டடம் மாறியது, ஆசிரியரும் மாறினர். விண்மீன் சின்னமும் நிறுவனர் நாளும் மட்டும் மாறவில்லை.

7. தனிநாயகம் அடிகளார்: ஒரு மாற்றுச் சான்று

கத்தோலிக்க இடைநிலைக் கல்வி ஒருவரைத் தமிழிலிருந்து நிலையாகப் பிரித்துவிடும் என முடிவுகட்டுவதற்கில்லை. சேவியர் தனிநாயகம் அடிகளாரின் வாழ்வே அதற்குச் சான்று. யாழ்ப்பாணத்து ஊர்காவற்றுறைப் பகுதியில் 1913இல் பிறந்த அவர், யாழ்ப்பாணம் புனித பத்திரிசியார் கல்லூரியில் ஆங்கிலவழி பயின்றார். அமலமரித் தியாகிகள் சபையினர் நடத்திய அக்கல்லூரி லசால் மரபினது அன்றெனினும், மறைப்பணிப் பள்ளிகளின் பொது இயல்புகளைக் கொண்டதே. பின்னர் அவர் உரோமையில் குருத்துவக் கல்வி பெற்றார். தமிழிலக்கியத்தை முறையாகக் கற்றது, குருவானபின் தமிழகத்தின் வடக்கன்குளத்தில் ஆசிரியராகப் பணியாற்றிய காலத்தில்தான். அதன் பின்னரே அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழ் முதுகலை பயின்றார்.

அவர் 1961இல் மலாயாப் பல்கலைக்கழக இந்திய ஆய்வியல் துறையின் தலைவராக வந்ததையும், 1966 ஏப்ரலில் முதலாவது உலகத் தமிழ் ஆராய்ச்சி மாநாடு கோலாலம்பூரில் நடைபெற்றதையும் நாம் நன்கறிவோம். பள்ளி தந்த ஐரோப்பிய மொழிப் பயிற்சியைத் தமிழை உலகறியச் செய்யும் கருவியாக அவர் மாற்றினார். ஆயினும் இதில் மறைந்துள்ள உண்மையொன்றைக் காணத் தவறலாகாது. தமிழ் அவர்க்குப் பள்ளியால் கிடைத்ததன்று. முதிர்ந்த வயதில், தம் முயற்சியால், ஒரு பண்டிதரிடம் பாடங்கேட்டுப் பெற்றது. அத்தகைய வாய்ப்பும் உறுதியும் எல்லா மாணவர்க்கும் வாய்ப்பதில்லை. ஒரு பேரறிஞரின் மீட்சியைக் காட்டி, மீளாமற்போன பல்லாயிரவரை நாம் மறந்துவிடுதல் தகாது.

முடிவுரை

இதுகாறும் கண்டவற்றால் சில கருத்துகள் புலனாகின்றன. புனித சூசையப்பர் பள்ளி போன்ற கத்தோலிக்க இடைநிலைப் பள்ளிகளின் வலிமை அவற்றின் அன்றாட ஒழுங்கில் இருந்தது. மூன்று நூற்றாண்டுகளுக்கு முன் ரெய்ம்ஸ் நகரில் வகுக்கப்பெற்ற ஒரு வேண்டல், கண்டங்களையும் போரையும் ஆட்சி மாற்றங்களையும் கடந்து நிலைத்தமைக்குக் காரணம், அது நாள்தோறும் வகுப்பின் தொடக்கத்தில் சொல்லப்பட்டமையே. தாய்மொழி பற்றிய கொள்கைக்கு அத்தகைய அன்றாட இடம் கிட்டவில்லை. அது நூலில் இருந்தது. கால அட்டவணையில் இல்லை.

தமிழாசிரியர்களுக்கு இவ்வரலாறு உணர்த்துவதும் இதுவே. சட்டம் தமிழைப் பள்ளிக்குள் அனுமதித்தபோது, அது பெரும்பாலும் பாடவேளையின் விளிம்பில், மாணவர் களைத்த பிற்பகலில், வேறொரு கட்டடத்தில் இடம்பெற்றது. அத்தகைய ஏற்பாடு தேர்வுக்குரிய பாடத்தை உருவாக்கும். மரபை உருவாக்குவது அரிது. காலைக் கூட்டத்தில் ஒரு வாழ்த்து, வகுப்பின் தொடக்கத்தில் ஒரு குறள், வராத மாணவனின் வீட்டிற்கு அவன் மொழியிலேயே ஒரு விசாரிப்பு என நாள்தோறும் நிகழும் சிறு செயல்களில் தமிழ் இடம்பெறும்போதுதான் அது பள்ளியின் வாழ்வோடு கலக்கும்.

லசால் பள்ளிகளின் தாய்மொழிக் கொள்கை எவருடைய பகைமையாலும் அழிந்ததன்று. சூழலின் தேவைகளுக்கிடையே மெல்ல விடுபட்டது. அவ்வாறு விடுபட்டதை மீண்டும் சேர்த்தல் இயலாத செயலன்று. ஏழைப் பிள்ளை தான் பேசும் மொழியிலேயே முதலில் எழுத்தை அறியட்டும் என்ற அந்தப் பிரெஞ்சு ஆசிரியரின் துணிவு, அவர் பெயரால் நடந்த பள்ளிகளுக்கு மட்டுமன்றித் தமிழ் கற்பிக்கும் நமக்கும் உரிய மரபாகும். மறைப்பணிப் பள்ளிகளின் ஆண்டுமலர்கள், தேர்வுப் பதிவேடுகள், ஆலய ஆவணங்கள் ஆகியவற்றைத் தமிழ்நோக்கில் ஆராய்தல், இத்துறையில் இனி நாம் மேற்கொள்ள வேண்டிய பணியாகும்.